வெறும் கிழங்கு

எங்கள் பாட்டிக்குச் சாப்பாடு என்றால் சோறு மட்டும்தான். மத்தியானம் வயிறு நிறைய மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "உண்டாச்சா?" என்று கேட்டால், "எங்க, ஒண்ணும் தின்னல்ல. வெறும் கெழங்குதான்" என்பாள். அந்த 'வெறும்' இத்தனை வருடம் கழித்தும் என்னை விடவில்லை.

எங்கள் ஊர் விளவங்கோடு பக்கம். கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான். ஆனால் அதற்குள்ளேயே இரண்டு சாப்பாடு உண்டு. கிழக்கே தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் வயல் நாடு, அங்கே நெல். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மேடும் சரிவுமாகக் கிடக்கும், அங்கே விளை. விளையில் தென்னையும் பலாவும் நல்லமிளகுக் கொடியும் நிற்க, இடையில் கிடைத்த வெயிலில் மரச்சீனி வளரும். என் அம்மா கிழக்கே நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து விளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அவளுக்குக் கிழங்கு பிடுங்கத் தெரியாது. தண்டை மட்டும் பிடித்து இழுத்து, பாதிக் கிழங்கை மண்ணுக்குள்ளேயே ஒடித்துவிடுவாளாம்.

பாட்டி பிடுங்குவதே வேறு. குனிந்து தண்டின் அடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டுவாள். அவசரமே இருக்காது. மண் மெல்ல விண்டு கொடுக்கும். அது கைக்குத் தெரிந்த பிறகுதான் ஒரே தூக்கு. விரித்த விரல்களைப் போல ஏழெட்டுக் கிழங்குகள் ஈர மண்ணோடு மேலே வரும். அன்றைக்குத் தேவையான ஒரு செடியைத் தவிர இன்னொன்றைத் தொடமாட்டாள். தண்டைச் சாண் அளவுக்கு வெட்டி அங்கேயே மறுபடி குத்திவைப்பாள். கத்தியால் நீளமாக ஒரு கீறல் போட்டால் தொலி சுருண்டு வந்துவிடும். வேகவைத்த தண்ணீரை முழுக்க ஊற்றிவிட்டு, தேங்காய், காந்தாரி மிளகாய், சீரகம், மஞ்சள், ரெண்டு உள்ளி எல்லாம் சதைத்துப் போட்டு அகப்பைக் காம்பால் மயக்குவாள். அப்போது எழும் மணத்தை இதுவரை வேறெந்த அடுப்படியிலும் நான் முகர்ந்ததில்லை.

அந்தத் தண்ணீரை ஊற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. மரச்சீனியில், கசப்பு வகையில் அதிகமாகவே, சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. பிரேசில் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த இந்தக் கிழங்கைப் பார்த்து ஜனங்கள் முதலில் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரும் அப்போது அடங்கியிருந்த திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா செடி கொடிகளில் ஈடுபாடு உள்ளவர். மரச்சீனியை ஊரெங்கும் பரப்பியவர் அவர்தான். அவர் ஒரு தோட்டம் நிறைய மரச்சீனி நட்டு, காவலும் போட்டு, திருடினால் தண்டனை என்று அறிவித்தாராம். ராஜா காவல் வைக்கிற பொருள் மட்டமாகவா இருக்கும் என்று ஜனங்கள் ராத்திரியில் திருடிக்கொண்டுபோய் நட்டார்களாம். வேறு தேசத்தில் உருளைக்கிழங்குக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள் என்றாலும் இது நடந்ததா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கிறது: நாக்குக்குப் பிடிப்பதற்கு முன்னால் மதிப்பு வரவேண்டும். ராஜா வீட்டுத் தோட்டத்துக் கிழங்குக்கு 'வெறும்' போட யாருக்கும் வாய் வராது.

அந்த மதிப்பு நிலைக்கவில்லை. பிறகு வந்த பஞ்சம்தான் கிழங்கை வீட்டுக்கு வீடு சேர்த்தது. அதனாலேயே அதன்மேல் ஏழ்மையின் கறையும் படிந்துவிட்டது.

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைவித்த நாடு இல்லை. நிலத்தில் பெரும்பங்கைத் தென்னையும் மிளகும் தேயிலையும் ரப்பரும் பிடித்துக்கொள்ள, அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. பாட்டி கடைசிவரை சொன்ன பெயர் 'ரங்கூன் அரிசி'. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள், கப்பல் நின்றது. எங்கள் ஊரில் ஒரு குண்டு விழவில்லை, ஒரு சிப்பாய் வரவில்லை. பானை மட்டும் காலியானது. அப்பா அப்போது கைக்குழந்தை. ரேஷனில் கிடைத்த அரிசியைப் பாட்டி கையால் அள்ளி, விரலிடுக்கில் ஒழுகுவதை மறுபடி பானைக்குள் விட்டு, பெரியவர்களுக்குக் கிழங்கும் பிள்ளைக்குக் கஞ்சியுமாக ஓட்டியிருக்கிறாள். அந்த அரிசியும் தீர்ந்த வாரங்களில் கிழங்கையே உலர்த்தி இடித்துக் கூழாக்கிக் கொடுத்தாளாம். "ஒங்க அப்பன அந்தக் கெழங்குதான் மக்களே மனுசனாக்கிச்சு" என்று சொல்லும்போது அவள் கண் நிறையும். அதே வாய்தான் மறுநாள் மத்தியானம் 'வெறும் கெழங்கு' என்றும் சொல்லும். சின்ன வயதில் இது எனக்குப் புரிந்ததில்லை. உயிரைக் காப்பாற்றியதுதான், ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலமும் கூடவே வந்து நிற்குமே, அதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

கிழங்குக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். விளையேதான் அதற்குப் பத்தாயம். பிடுங்கிவிட்டால் ரெண்டு மூன்று நாளில் உள்ளே நீலமாகக் கோடு ஓடிக் கெட ஆரம்பித்துவிடும். அரிசியைப் போல மூட்டை கட்டிக் கிட்டங்கியில் அடுக்க முடியாது, கப்பலில் ஏற்ற முடியாது, கார்டைக் காட்டி அளந்து வாங்க முடியாது. அதனால் ரேஷன் கடை அரிசி வீட்டு வாசல்வரை வந்தபோது கிழங்கு பின்வாங்கியது. விளைகளில் ரப்பர் ஏறியபோது நிழல் விழுந்து அதற்கு இடமும் இல்லாமல் போனது. எங்கள் விளையிலும் இப்போது ரப்பர்தான் நிற்கிறது. யாரும் கிழங்கு வேண்டாம் என்று உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு வரிசையாகக் குறைந்து, ஒருநாள் பார்த்தால் இல்லை.

அதே யுத்தம் சேலத்தில் செய்த வேலை தனி. ஜவ்வரிசி என்பது முதலில் ஒருவகைப் பனையின் தண்டுக்குள் இருக்கும் மாவில் செய்தது. ஜாவாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்தது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். ரங்கூன் அரிசி நின்ற அதே நாட்களில் அந்தக் கப்பலும் நின்றது. 1943-இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து திரும்பிய பொபட்லால் ஷா என்பவரோடு சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அவர்கள் ஊரில் மரவள்ளி, எங்களுக்கு மரச்சீனி. கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் படிந்த ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் குருணை குருணையாகத் திரளும். அதை வறுத்துக் களத்தில் காயப்போட வேண்டும். ரெண்டு நாள் தாங்காத கிழங்கு, மூட்டையில் வருடக்கணக்கில் தாங்குகிற பொருளாகிவிட்டது. இன்று சேலம் பக்கத்து சேகோ ஆலைகளிலிருந்துதான் வடக்கே பெரும்பாலான ஊர்களுக்கு ஜவ்வரிசி போகிறது.

வேலை நிமித்தம் புனேயில் சில வருடம் இருந்தேன். ஒரு ஆஷாட ஏகாதசி அன்று வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்கார அம்மாள் அடுப்படியில் இருந்தார். "சாப்பிட்டீர்களா காகூ?" என்றேன். "இன்று உபவாசம், ஒன்றும் சாப்பிடவில்லை" என்றபடியே என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துத் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார். சாபுதாணா கிச்சடி. ஊறி மலர்ந்த ஜவ்வரிசி, பொடித்த நிலக்கடலை, சீரகம், பச்சை மிளகாய், நெய். தானியம் கிடையாது என்பதால் விரதத்துக்கு ஆகும்.

முதல் கவளம் தொண்டையில் நின்றுவிட்டது. ஒன்றும் சாப்பிடவில்லை. பாட்டி சொன்ன அதே வார்த்தை, அதே கிழங்கு. ஆனால் இந்த அம்மாளின் குரலில் கூச்சம் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்த கிண்ணம் அது. பாட்டி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவளை ரயிலேற்றிக் கூட்டிவந்து அந்த அடுப்படியில் உட்காரவைத்திருப்பேன்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அம்மா வழக்கம்போல முதலில் அதைத்தான் கேட்டாள்: "சோறு தின்னியா மக்களே?"

"கெழங்கு தின்னேன்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அங்க ஏது மக்களே கெழங்கு?" என்றாள். "இங்கயே இப்ப கடையிலதான் வாங்க வேண்டியிருக்கு."