டக்... டக்... டக்...

போன மாசம் பூரா எங்க வீட்டுல ஒரே சத்தம். தங்கமணி போடற சத்தம் இல்லீங்க, அது பழகிப்போச்சு :) இது கார்லேருந்து வந்த சத்தம்.

எங்ககிட்ட ஒரு பிரீமியர் பத்மினி இருக்கு. 1978 மாடல். அப்பா செகண்ட் ஹாண்ட்ல வாங்கினது. ஸ்டியரிங் பக்கத்துலேயே கியர், 1089 சிசி இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். 1964-ல ஃபியட் 1100 டிலைட்னு பம்பாய் குர்லாவுல செய்ய ஆரம்பிச்ச அதே வண்டிதான், 1974-ல பத்மினின்னு பேர் மாறிச்சு. பம்பாய் டாக்ஸின்னாலே கண்ணு முன்னாடி வர்ற அந்தக் கறுப்பு மஞ்சள் வண்டி. 2023 அக்டோபரோட அங்கே கடைசி பத்மினி டாக்ஸியையும் ஓரங்கட்டிட்டாங்க. அன்னிக்கு டிவியில செய்தி பார்த்துட்டு அப்பா சாப்பிடாமலே எழுந்து போயிட்டார். அவருக்கு இப்போ 81.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் கோயில் வரைக்கும் ஓட்டி, குழந்தை மாதிரி வச்சிருக்கோம். ஓட்டறது நான். முன் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு "கிளட்சை விடுடா, மெதுவா விடுடா"ன்னு ஓட்டறது அப்பா.

சரி, மேட்டருக்கு வருவோம். காஞ்சிபுரத்துல மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். "நம்ம வண்டியிலதான் போறோம்"னு அப்பா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டார். நேரம் பார்த்து பிரேக் பெடல் உள்ளே இறங்க ஆரம்பிச்சுது. ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது. பின்னாடி சக்கரத்துல ஆயில் கசிவு வேற.

எங்க ஆஸ்தான மெக்கானிக் பாய். எழுபது வயசாச்சு. ராயப்பேட்டை பக்கம் ஒரு சந்துல, வேப்பமரத்தடிதான் அவரோட ஒர்க்ஷாப். போன வருஷம் கண்ணுல புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். அதுக்கப்புறம் ஒரு பையனை வச்சுக்கிட்டுத்தான் வேலை. கழட்டிப் பார்த்துட்டு, "வீல் சிலிண்டர் போயிடுச்சு தம்பி. லைனிங்கும் தேஞ்சிருக்கு. டிரம்மை லேத்ல கொடுத்து லேசா டர்னிங் போடணும். நாலு நாள் ஆவும்"னார்.

நாலு நாளா! விசேஷத்துக்கு மொத்தமே மூணு நாள்தான் பாக்கி. ஜி.பி. ரோட்டுல அலைஞ்சு சாமான் எல்லாம் நானே வாங்கிட்டு வந்தேன். டிரம் ரெண்டையும் ஸ்கூட்டர் கால் வைக்கிற இடத்துல வச்சுக்கிட்டு லேத் பட்டறைக்கும் நானே போனேன். (இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க மக்களே, பின்னாடி தேவைப்படும்.)

பாய் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வண்டியைக் கொடுத்துட்டார். பெடல் கல்லு மாதிரி நிக்குது. ஆஹான்னு ஓட்டிக்கிட்டு வர்றேன். முதல் சிக்னல்ல லேசா பிரேக் மேல காலை வச்சா...

டக்... டக்... டக்...

யாரோ பின்னாடி உட்கார்ந்து ஸ்பானரால தட்டற மாதிரி. வேகம் குறையக் குறைய டக்குக்கும் டக்குக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி ஆகுது. வண்டி நின்னதும் சத்தமும் நின்னுடுச்சு.

வீட்டுக்கு வந்ததும் நம்ம துப்பறியும் மூளை விழிச்சுக்கிச்சு. முதல்ல டிக்கியைக் காலி பண்ணினேன். ஜாக்கி, ஸ்டெப்னி, தங்கமணி போன பொங்கலுக்குத் தேடின பழைய குக்கர் மூடி எல்லாம் வெளியே. ஓட்டிப் பார்த்தா, டக் டக். அடுத்து வீல் கப்பைக் கழட்டினேன். உள்ளே ஒரு கூழாங்கல்லு! ஆர்க்கிமிடீஸ் ரேஞ்சுக்குக் குதிச்சுட்டு மறுபடி ஓட்டினேன். கல்லு போச்சு, சத்தம் போகலை.

மூணாவது, பொண்ணைப் பின் சீட்டுல காதை வச்சுப் படுக்கச் சொல்லி தெருவை நாலு ரவுண்டு. "அப்பா, இடது பக்கம்தான். அப்புறம் இன்னொண்ணு கவனிச்சியா? ரிவர்ஸ்ல வரும்போது பிரேக் போட்டா சத்தமே இல்லை"ன்னா. அது உண்மைதான். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியலை. திண்ணையில உட்கார்ந்திருந்த அப்பா, "பிரேக் மிதிச்சா வர்ற சத்தம் பிரேக்குலேருந்துதான்டா வரும்"னார். ஒரு காது சரியாக் கேட்காதவர் சொல்றாரேன்னு நானும் கண்டுக்கலை.

ஏ.சி. போட்ட ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பையன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "ரியர் பேரிங், ஆக்ஸில் ரெண்டும் மாத்தணும் சார். யாரு சார் இந்த வேலை பார்த்தது? ஷூவையே சரியா உட்கார வைக்கலை"ன்னான். எஸ்டிமேட் பதினோராயிரம். பேரிங் போயிருந்தா பிரேக் மிதிக்காதப்பவும் சத்தம் வரணுமேன்னு அவனைக் கேட்கத் தோணலை. கோபம் எல்லாம் பாய் மேலதான் போச்சு.

அங்கேயே நின்னுக்கிட்டு பாய்க்கு போன் போட்டேன். எழுதவே கூச்சமா இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன். "கண்ணு தெரியலைன்னா வேலையை ஒத்துக்காதீங்க பாய். இதுல ஒரு கிழவர் உட்கார்ந்து போகணும். பிரேக் விஷயம்"னுட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வண்டியைக் கொண்டாங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

நான் கொண்டுபோகலை. காஞ்சிபுரத்துக்கு கால் டாக்ஸியில போனோம். அப்பா போக எழுபத்தஞ்சு கிலோமீட்டர், வர எழுபத்தஞ்சு கிலோமீட்டர், ஒரு வார்த்தை பேசலை. ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னதோட சரி.

அடுத்த திங்கட்கிழமை வேற வழியில்லாம வேப்பமரத்தடிக்குப் போய் நின்னேன். பாய் ஒண்ணும் பேசலை. ஜாக்கி போட்டு இடது பின் சக்கரத்தைக் கழட்டினார், டிரம்மை உருவினார். தூசியை ஊதப்போன பையனைத் தடுத்து, ஈரத்துணியால துடைக்கச் சொன்னார். பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், மூச்சுல போகக்கூடாதுன்னு நாப்பது வருஷமா அவர் கடைப்பிடிக்கிற சட்டம்.

அப்புறம் டிரம்மை மடியில வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, உள்பக்கம் கட்டைவிரல் நகத்தை வச்சு மெதுவா டிரம்மைச் சுத்தினார். "இப்ப நீங்க வைங்க தம்பி."

வச்சேன். டிரம் சுத்தச் சுத்த என் நகம் தானா வெளிப்பக்கமா நகருது! கிராமபோன் தட்டுல முள்ளு போற மாதிரி.

"லேத்ல டூலை வேகமா ஓட்டியிருக்காங்க. அதனால இழை விழுந்திருக்கு, திருகாணி மாதிரி. லேசா பிரேக் போடறப்ப ஷூ அந்த இழையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நகரும். ஓரளவுக்கு மேல போனா ஸ்பிரிங் இழுத்து, பின்தகட்டுல போய் 'டக்'னு அடிக்கும். மறுபடி நகரும், மறுபடி அடிக்கும். ரிவர்ஸ்ல இழை உள்பக்கமாத் தள்ளும். அங்கே தகடு இருக்கே, எங்கே நகர்றது? அதான் சத்தம் இல்லை."

பொண்ணு சொன்னது, அப்பா சொன்னது எல்லாம் ஒரே நிமிஷத்துல சேர்ந்து உட்கார்ந்துச்சு.

பாய் தொடர்ந்தார். "லேத்காரன் நல்ல வேலைக்காரன்தான். கடைசி வெட்டை மெதுவா ஓட்டினா கண்ணாடி மாதிரி வரும். யாரோ நின்னு அவசரப்படுத்தியிருக்காங்க. நானும் மாட்டறப்ப நகம் வச்சுப் பார்த்திருக்கணும். என் தப்புதான்."

எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணிச்சு. அந்த 'யாரோ' யாருன்னு எனக்குத்தானே தெரியும்? "சாயங்காலம் வாங்க சார்"னு சொன்ன லேத்காரர்கிட்ட ஐம்பது ரூபா கூடக் கொடுத்து, பக்கத்துலயே நின்னு இருபது நிமிஷத்துல முடிக்க வச்சவன் நான்தானே. பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பாய் அதையும் தன் கணக்குலயே எழுதிக்கிட்டுப் போயிருப்பார்.

"பாய், அந்த யாரோ நான்தான்"னேன். போன்ல பேசினதுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியா வரலை.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு இப்ப நல்லாத்தான் தெரியுது தம்பி"ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் பையனைப் பார்த்து, "ரெண்டு டீ சொல்லுடா."

ஏற்கெனவே ரெண்டு தடவை டர்னிங் போட்ட டிரம்மாம், இன்னொரு வெட்டு தாங்காதுன்னுட்டார். முரட்டு எமரி பேப்பரை என் கையில கொடுத்து, இழைக்குக் குறுக்கா தேய்க்கச் சொன்னார். ஒரு டிரம்முக்கு அரை மணி நேரம். வலது பக்கம் சத்தம் இல்லைன்னாலும் அதையும் தேய்ச்சேன். இடுப்பு ஒடிஞ்சுது. நகம் நகராம நின்னதும்தான் விட்டார். பின்தகட்டுல ஷூ உரசற மேடுகள்ல மட்டும் சூடு தாங்கற கிரீஸைத் தீக்குச்சி முனையளவு தடவி மாட்டினார். எவ்வளவுன்னு கேட்டேன். "வேலை பார்த்தது நீங்க. எமரி பேப்பருக்கு மட்டும் கொடுங்க"ன்னார். கட்டாயப்படுத்தித்தான் கையில திணிக்க வேண்டியிருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை அப்பாவை உட்கார வச்சு கோயிலுக்குக் கிளம்பினேன். முதல் சிக்னல். லேசா மிதிச்சேன். நிசப்தம்.

"சத்தம் எங்கேருந்துடா வந்துச்சு?"ன்னார் அப்பா.

"பிரேக்குலேருந்துதாம்ப்பா."

அவர் ஒண்ணும் சொல்லலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். கொஞ்ச தூரம் போனப்புறம், "கிளட்சை மெதுவா விடுடா"ன்னார்.