தந்தநிறமா, வானநீலமா?



வீட்டிற்கு வர்ணம் தெரிந்தெடுப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் நகரத்தில் ஒற்றை அறையே வீடாயிருக்கும்போது, உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த நான்கு சுவர்களுக்குள்தான். ஒருமுறை பூசினால் சில ஆண்டுகளாவது அந்நிறத்தோடேயே வாழவேண்டும்.

மும்பையில் எங்கள் வீட்டிற்கு ஒரே ஜன்னல். அதற்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். கடந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து சுவர்கள் நன்கு உலர்ந்தபின் வர்ணம் பூசத் தீர்மானித்தோம். மகள் வானநீலம் வேண்டுமென்றாள்; என் மனைவி வெளிர் தந்தநிறமே நல்லதென்றார். எனக்கோ நீலத்தின்மேல்தான் மனம் சாய்ந்தது. நெல்லைச் சீமையில், சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் அங்கே முற்றமெங்கும் வெயில். இங்கே வெயில் உட்சுவரைத் தொடுவதேயில்லை.

கடையில் காட்டும் வர்ண அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. விரலளவு துண்டில் மென்மையாய்த் தெரியும் நிறம், நான்கு சுவர்களிலும் பரவும்போது ஒன்றிலொன்று பிரதிபலித்து அடர்த்தியாய்த் தோன்றும். எனவே இரண்டிலும் சிறிய டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சற்று இடைவெளி விட்டு, 2 அடிக்கு 2 அடி அளவில் இரண்டு பூச்சாகப் பூசினோம். ஈரத்தில் தெரியும் நிறம் உலர்ந்தபின் மாறுமாதலால், மறுநாள்வரை காத்திருந்தோம்.

இரவில், 6500 கெல்வின் வெண்ணொளி தரும் டியூப் லைட்டின்கீழ் நீலமே அழகாயிருந்தது. தந்தநிறம் சற்று வெளிறித் தெரிந்தது. மகளின் விருப்பமே நிறைவேறும் என்று எண்ணினோம். காலையில் விளக்கை அணைத்துப் பார்த்தபோது காட்சி மாறிற்று. மங்கிய ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் சாம்பல் பூத்தாற்போலிருந்தது. தந்தநிறமோ கிடைத்த சிறு வெளிச்சத்தையும் திருப்பித் தந்தது.

அப்படியானால் எந்த வேளையை வைத்துத் தீர்மானிப்பது? நாங்கள் மூவரும் இருட்டிய பின்பே வீடு திரும்புகிறோம். பகல் முழுவதும் அங்கிருப்பவர்கள் 81 வயதான என் தாயார். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைக் குறைத்தே உள்ளே விடும். நமக்கு வெளிர்நீலமாய்த் தெரிவது அவர்களுக்கு இன்னும் மங்கலாகவே தெரியும்.

அவர்களைச் சுவருக்கு எதிரே அமர்த்திக் கேட்டேன். இரண்டு பக்கமும் என்னை நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் நின்னாத்தான் நீ நிக்கிறது தெரியுதுய்யா” என்றார்கள். நான் நின்றது தந்தநிறத்தின் முன்பாக.

மகளின் நீலமும் வீணாகவில்லை. அவள் படிக்கும் மேசைக்கு மேலுள்ள சிறு சுவரில், இரவு விளக்கின்கீழ் அது அழகாய் விளங்குகிறது.

ஆகவே வாசகர்களே, மாதிரியை உங்கள் சுவரிலேயே பூசி, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். அதன்பின், அந்தச் சுவர்களுக்குள் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.