சோளகத்துக்குப் பெட்டி போடேல்லை

நெடுந்தீவில் வீட்டோடு இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடும் அன்ரி ஒருவருக்கு ‘திட்ட முகாமைத்துவம்’ செய்து குடுக்க நாங்கள் நாலு பேர் போனோம். கம்பசில் ஒரு செமஸ்டர் படித்த துணிவு. எக்செல் தாளில் நிறம் நிறமாய்ப் பெட்டிகள்: படகு, குதிரைகள், பெருக்குமரம், மத்தியானம் நண்டுக்கறி. முதல்நாள் காலையே நண்டு வாங்கவேண்டும் என்றும் போட்டிருந்தோம்.

ஆனி மாதம். சோளகம் எழும்பி, குறிகட்டுவானிலிருந்து படகு விடவில்லை. பன்னிரண்டு பேருக்கான நண்டு குசினியில் கிடந்தது. முற்பணம் கேட்டால் ஆக்கள் யோசிப்பினம் என்று தடுத்ததும் நாங்கள்தான்.

அன்ரி ஏசேல்லை. அதுதான் கூடக் கஷ்டம். “நான் பின்னேரம் ஓட்டியிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் பிள்ளையள் சாமான் வாங்கிறனான்” என்றா. நாங்கள் அவவிடம் ஒன்றுமே கேட்கவில்லையே! ‘இடர் முகாமைத்துவம்’ சோதினைக்குப் பாடமாக்கினதோடை சரி.

ஆனால் அன்ரியின்ரை கொப்பியிலும் ஒரு ஓட்டை இருந்தது. விடிய நாலு மணியிலிருந்து அவ குசினியில் நிற்கிறதுக்குக் கூலி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எங்கட தாளில் அந்த ஒரு பெட்டியை மட்டும் வைத்திருக்கச் சொன்னோம். சிரிச்சா.

நண்டுக்காசில் அரைவாசி குடுத்திட்டோம். மிச்சம் அடுத்த மாதம்.