மணற்கடலும் மகிழுந்தும்

நகரத்துச் சாலையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஊர்தியைப் பாலை மணலுக்கு ஏற்றதாக்க வேண்டுமென்றால், அதில் எவற்றையெல்லாம் பொருத்தலாம் என்றே பலரும் முதலில் எண்ணுவர். இக்காலத்தில் அதற்கென்றே கடைகள் உள்ளன. பணம் படைத்தோர் விளக்கும் கம்பியும் சட்டமும் வாங்கிப் பூட்டிக்கொள்கின்றனர். ஆனால், இக்கலையைத் தொடக்க காலத்தில் வகுத்தவர்களுள் ஒருவரான ரால்ஃப் பேக்னால்டு, எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்னரே எதைக் கழற்றுவது என்று எண்ணினார்.

பேக்னால்டு 1896 இல் பிறந்த ஆங்கிலேயர், பொறியாளர், படைத்துறை அதிகாரி. 1926 இல் எகிப்துக்கு மாற்றப்பட்ட அவர், விடுமுறை நாள்களில், தம் சொந்தச் செலவில், நண்பர் சிலருடன் பாலைக்குள் புறப்பட்டார். அவர்களுக்குக் கிடைத்த ஊர்தி, அக்காலத்தில் எளியோரும் வாங்கக்கூடியதாயிருந்த ஃபோர்டு மாடல் டி. அதன் பின்னர் மாடல் ஏ. பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும் எளிய மகிழுந்துகள் அவை.

பாலை என்றவுடன் தமிழ் மாணவர்க்கு ஐந்திணை நினைவுக்கு வரும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்த நிலமே அங்குப் பாலை. அங்கே மரமும் உண்டு, வழிப்போக்கரும் உண்டு. எகிப்தின் மேற்கே, சீவா என்னும் பசுந்திடலுக்குத் தெற்கே கிடக்கும் பெருமணற்கடலில் இவற்றுள் ஒன்றுமில்லை. நூறு மீட்டர் அளவுக்கு உயர்ந்த மணல் மேடுகள் வடக்குத் தெற்காக வரிசை வரிசையாய்க் கிடக்கின்றன. மேற்கே செல்வோர் ஒன்றைக் கடந்தால் அடுத்தது எதிர்நிற்கும். 1874 இல் ஜெர்மானியப் பயணி கெர்ஹார்டு ரோல்ஃப்ஸ் ஒட்டகங்களுடன் இங்கு வந்தார். குறுக்கே செல்ல இயலாமல் வடக்கே திரும்பிச் சீவாவை அடைந்தார். ஒட்டகம் தோற்ற இடத்தில் மகிழுந்தா என்று கேட்டவர் இருந்திருப்பின் அதில் வியப்பில்லை.

மணலில் சக்கரம் புதைவதற்குக் காரணம் எளியது. சுமை முழுவதும் மிகச் சிறிய இடத்தில் அழுந்துகிறது. ஆகவே சுமையைக் குறைக்க வேண்டும். அல்லது அழுந்தும் இடத்தை அகலமாக்க வேண்டும். பேக்னால்டு இரண்டையும் செய்தார். வேண்டாத உடற்பகுதிகள் கழற்றப்பட்டன. அகன்ற டயர்கள் பூட்டப்பட்டு, அவற்றின் காற்றும் குறைக்கப்பட்டது. காற்றுக் குறைந்த டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம்போல் மணலின்மீது பரந்து நிற்கும். காசு செலவின்றிச் செய்யத்தக்க இந்த மாற்றமே எல்லாவற்றிலும் பயன் மிக்கது. இன்றும் பாலையில் ஓட்டுவோர் முதலில் செய்வது இதுவே. கெட்டித் தரைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்ப மறந்தால் டயர் சூடேறிக் கிழியும் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மெல்லிய மணலில் முக்கி முனகிச் செல்லும் எந்திரம் விரைவில் கொதிக்கும். ரேடியேட்டரின் நீர் ஆவியாகி வெளியேறும். குடிநீரை அதற்கு ஊற்றினால் மனிதர்க்கு எது மிஞ்சும்? பேக்னால்டு ரேடியேட்டரின் வழிவுக்குழாயை நீட்டி, பக்கத்தில் பொருத்திய ஒரு தகரக் கலத்துக்குள் செலுத்தினார். கலத்தில் பாதியளவு நீர் இருக்கும். வெளியேறும் ஆவி அந்நீரில் பட்டுக் குளிர்ந்து தானும் நீராகிவிடும். கலத்து நீரும் கொதிக்கத் தொடங்கினால், ஓட்டுநர் ஊர்தியைக் காற்று வரும் திசைநோக்கி நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். எந்திரம் ஆறியதும் ரேடியேட்டரினுள் ஏற்படும் வெற்றிடம், போன நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆவி குளிர்ந்து நீராவதை அறிவியல் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதாத மாணவர் இல்லை. அந்தப் பாடத்தை நம்பித் தம் உயிரைப் பாலையில் வைத்தவர் இவர்.

இத்தனைக்குப் பின்னும் ஊர்தி புதையும். அப்போது உதவ, பதுங்கு குழிகளுக்குக் கூரையிடுவதற்காக முதல் உலகப் போரில் செய்யப்பட்ட நீண்ட இரும்புத் தகடுகள் கெய்ரோவின் பழைய பொருள் கடையொன்றில் கிடைத்தன. சக்கரத்தின் முன்னே மணலைத் தோண்டி, தகட்டை நுழைத்து, அதன்மேல் ஊர்தியை ஏற்றி வெளியே கொணர்வர்.

திசையறிவதும் பெரும்பாடு. ஊர்தியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும். எனவே, வட்டத் தட்டின் நடுவே நிமிர்ந்த ஊசியொன்றை நட்டு, அதன் நிழலைக் கொண்டு திசை காணும் கருவியைப் பேக்னால்டு செம்மைப்படுத்தினார். கோடையின் நடுப்பகலில் நிழல் ஊசியடியில் ஒடுங்கிவிடும். அவ்வேளையில் ஓய்வுதான்.

1940 இல் போர் இந்தப் பாலைக்கும் வந்தது. கென்யாவுக்கு அனுப்பப்பட்ட பேக்னால்டு, முந்திய ஆண்டில் வழியில் கப்பல்கள் மோதிக்கொண்டதால் எகிப்தில் இறங்க நேர்ந்தவர். தளபதி வேவல் அவருக்கு ஆறு வாரத் தவணை கொடுத்தார். அதற்குள் நெடுந்தொலைவுப் பாலைக் குழு உருவாயிற்று. முதலில் சேர்ந்தோர் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர். ஊர்திகள் செவ்ரோலே லாரிகள். கதவு போயிற்று, கூரை போயிற்று, முன்கண்ணாடியும் போயிற்று. கழற்றியதால் மிஞ்சிய இடமெல்லாம் பெட்ரோலுக்கும் நீருக்கும் உணவுக்கும் ஆயிற்று. சுமை தாங்க வில்தகடுகள் கூட்டப்பட்டன. 1941 இல் நான்கு சக்கரமும் உந்தும் ஃபோர்டு லாரிகள் வந்தன. வலிமையில் மேலானவையே, ஆனால் கனமானவை, எரிபொருளை மிகுதியாகக் குடிப்பவை. மறு ஆண்டு, குழு மீண்டும் இருசக்கர உந்துதல் கொண்ட செவ்ரோலேக்கே திரும்பியது. நான்கு சக்கர உந்துதல் இல்லாத ஊர்தியை ஏளனமாகப் பார்க்கும் இன்றைய வாங்குவோர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஊர்தி இல்லாவிட்டால் நிலை என்ன என்பதும் தெரிந்தது. 1941 சனவரி 31 ஆம் நாள், ஜெபல் ஷெரிஃப் என்னுமிடத்தில் இத்தாலியப் படை தாக்கியதில் அக்குழுவின் லாரிகள் சில எரிந்தன. தப்பிய நால்வரிடம் இருந்தது இரண்டு கேலன் கொள்ளும் ஒரு தகரத்து நீர் மட்டுமே. ரொனால்டு மூர் என்பவர், பாதத்தில் காயத்துடன், ஏறத்தாழ 210 மைல் நடந்த பின்னர் பத்தாம் நாள் மீட்கப்பட்டார். நால்வருள் ஒருவர் மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை.

அதே 1941 இல் பேக்னால்டின் மணல் ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. காற்று மணலை எவ்வாறு தூக்கிச் சென்று மேடாக்குகிறது என்பதை, தாமே அமைத்த காற்றுச் சுரங்கத்தில் சோதித்து எழுதிய நூல் அது. செவ்வாய்க் கோளில் உள்ள மணல் மேடுகளுக்கு அவர் பெயரிடப்பட்டது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில் 'கியூரியாசிட்டி' என்னும் ஊர்தி அம்மேடுகளை அடைந்து ஆராய்ந்தது. அவ்வூர்திக்கும் கதவில்லை, கூரையில்லை.

போர்க்காலத்தில் பாலையிலேயே கைவிடப்பட்ட அக்குழுவின் செவ்ரோலே ஒன்று, பல்லாண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்டு இங்கிலாந்தின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதைப் புதுப்பிக்கவில்லை. மணல் தேய்த்த துருவுடன், கண்டெடுத்த கோலத்திலேயே விட்டுவைத்தனர்.