பிள்ளையார்பாளையத்தில் சீனப் பட்டு

உலகமயமாக்கல் 1991இல்தான் வந்தது என்று சொல்பவர்களைக் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துவர வேண்டும். அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் 720இல் சீனத் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியவன்.

கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம், பிள்ளையார்பாளையம். ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்கிறது, அடுத்த சில வீடுகளில் இல்லை. குழித்தறியில் கால் தொங்கப்போட்டிருந்தவரிடம் சீன நூலைப் பற்றிக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தது வீண். "நல்ல நூலு சார். சீரா இருக்கும், அறுந்து தொலைக்காது." 2003இல் அந்த நூலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். ராமநகரத்துப் பட்டுக்கூடு விவசாயிக்கு அது நிம்மதி, இவருக்குச் செலவு.

அவருடைய கவலை வேறு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். எதிர்ப்பக்கக் கரைக்கு இன்னோர் ஆள் வேண்டும். முன்பு பெரும்பாலும் சின்னப் பையன்தான் அந்த ஆள். அவன் பள்ளிக்கூடம் போய்விட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த இடத்துக்கு வர வேண்டிய பெரியவருக்குக் கூலி கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை என்பதில்தான் ஆத்திரம்.

பஹ்ரைன் நினைவுக்கு வந்தது. ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியதும் அந்தக் குட்டித் தீவின் முத்துக்குளிப்பு நொடித்தது. 1932இல் எண்ணெய் கிடைத்தது, மூச்சடக்கி மூழ்கியவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்குப் போனார்கள். காஞ்சிக்கு வாய்த்தது ஸ்ரீபெரும்புதூர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது, 2006இல் நோக்கியா. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது.

"பையன் அதுலதான் போறான். மாசம் பொறந்தா சம்பளம், பி.எப்., கேன்டீன் சோறு. நான் எதைச் சொல்லி நிறுத்தறது?"

"நோக்கியா 2014இல் மூடிட்டாங்களே?"

"ஒண்ணு மூடுனா இன்னொண்ணு தொறக்குது சார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாலையில் காந்தி ரோட்டுக் கடையொன்றில் விற்பனையாளர் செல்போனை உயர்த்திப் பிடித்து, அமெரிக்காவிலிருந்த ஒரு குடும்பத்துக்கு முந்தி முந்தியாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காஞ்சிப் பட்டு 2005-06இல் பெற்ற புவிசார் குறியீட்டைப் பெருமையோடு சொன்னார். கோர்வை இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆர்டர் குடுத்துட்டுப் போங்க சார். தேதி மட்டும் கேக்காதீங்க. நெய்யறவருக்கு எதிர்ப்பக்கம் உக்கார ஆள் கெடைக்கணும்."