வரிசை நிரம்பும்போது

ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலுக்குள் எட்டிப் பார்க்க ஜேஸ்டாக் கருவி போதும். சோதனைக்காக நான் எழுதிய நிரலில் பல த்ரெட்கள். எல்லாமே லாக்பேக் என்ற பதிவு நூலகம் வழியாக ஒரே கோப்பில் எழுதுகின்றன. ஜேஸ்டாக்கால் த்ரெட் டம்ப் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை 'வெயிட்டிங்' நிலையில், ஒரே பூட்டுக்காக நின்றன. கையிலிருக்கும் கணக்கை விட்டுவிட்டு, ஒரு வரி எழுதுவதற்கு முறை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

லாக்பேக்கின் ஏசிங்க் அப்பெண்டரை நடுவில் வைத்து மறுபடி ஓட்டினேன். இப்போது டம்ப்பில் வொர்க்கர் என்று புதிதாக ஒரு த்ரெட். கோப்பில் எழுதுவது அது மட்டும்தான். மற்றவை செய்தியை நினைவகத்திலுள்ள வரிசையில் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகின்றன. சேர்க்கும்போதே அனுப்பிய த்ரெட்டின் பெயரும் செய்தியோடு பதிவாகிவிடுகிறது. அப்படிச் செய்யாவிட்டால் எல்லா வரியிலும் வொர்க்கரின் பெயரே வந்திருக்கும். அழகான வேலைப்பாடு!

அந்த வரிசையருகே கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் மாற்றாதவரை அதில் 256 இடங்கள்தான். காலியிடம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகள் சத்தமில்லாமல் கைவிடப்படும்; வார்னும் எரரும் மட்டும் உள்ளே போகும். ஆவணத்தில் சொல்லியிருக்கும் வடிவமைப்புதான் இது. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு ஓட்டி, கோப்பில் எண்கள் தாவுவதைக் கண்டபோதுதான் மனதில் உறைத்தது. சுமை ஏறும் நேரத்தில்தானே நமக்கு அந்த வரிகள் வேண்டும்? இந்த எல்லையைக் குறிக்கும் டிஸ்கார்டிங் த்ரெஷோல்டை 0 ஆக்கினால் எதுவும் விடுபடாது. ஆனால் வரிசை நிரம்பியதும் த்ரெட்கள் மறுபடி காத்திருக்கும். 'நெவர் பிளாக்' என்று வைத்தால் காத்திருப்பு இல்லை, எரர் வரிகூட விழுந்துபோகலாம்.

அடுத்து, ஓட்டத்தின் நடுவே, நிரலை உடனே கொல்லும் கில் -9 கட்டளையைக் கொடுத்தேன். வரிசையில் இருந்தவை எல்லாம் நிரலோடு போயின. நிரல் ஏன் செத்தது என்று சொல்லக்கூடியவை அந்தக் கடைசி வரிகளே. இயல்பாக முடியும்போதும் லாகர் கான்டெக்ஸ்டை முறையாக நிறுத்தாவிட்டால் இதே இழப்பு நேரலாம். வொர்க்கர் ஒரு டீமன் த்ரெட், ஜாவா அதற்காகக் காத்திருக்காது.

பணப் பரிமாற்றப் பதிவுகளை இந்த வழியில் அனுப்ப நான் ஒப்பமாட்டேன். அவற்றுக்குத் தனி லாகர், நேரடிக் கோப்பு அப்பெண்டர். அங்கே இயல்பான அமைப்பிலேயே வரி இயங்குதளத்தின் கைக்குப் போன பிறகுதான் அழைப்பு திரும்பும். கில் -9 அதைத் தொடாது. த்ரெட் சற்றுக் காத்திருந்தாலும் பரவாயில்லை.