பங்குனி ஆமையின் நாற்றங்கால்

தை முதல் பங்குனி வரை சென்னைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், ஒரு ராத்திரி தூக்கத்தை விட்டுக்கொடுத்தால் நல்ல காட்சி ஒன்று கிடைக்கும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோர மணலில் இளைஞர்கள் கூட்டமாக நடப்பார்கள். 1988-ல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் அவர்கள். வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப்போவது வழக்கம்.

அவர்கள் தேடுவது தடத்தை. சின்ன டிராக்டர் கடலிலிருந்து ஏறித் திரும்பியதுபோல இருக்கும். அது பங்குனி ஆமை; சித்தாமை என்றும் சொல்வார்கள். பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல்கூட இடும். மண் அணைத்து, உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்க்காது.

அப்படியே விட்டால் நாய் தோண்டிவிடும். அதனால் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். நாற்றுப் பறித்து நடுவதைவிடப் பக்குவமான வேலை இது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு உள் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உருட்டினால் கரு செத்துவிடும். அடைகாக்கும் வேலை மணலின் சூட்டுக்கு. ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு வரும். சூடு கூடினால் பெட்டை, குறைந்தால் ஆண். வெயில் ஏறும் வருடங்களில் பந்தல் நிழலும் தேவைப்படும்.

வெளியே வரும் குஞ்சு வெளிச்சமான திசையைத்தான் கடல் என்று நம்பும். இங்கே தெருவிளக்கு கடலைவிடப் பிரகாசம்! அதனால்தான் தண்ணீர் ஓரமாகக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டும், தாய் ஆமை கரை வந்து சேர வேண்டுமே. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகின் இழுவை மடியில் சிக்கினால் ஆமை மேலே வந்து மூச்சு வாங்க முடியாது, மூழ்கியே சாகும். மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை மேல்வாசல் வழியாகத் தப்பிக்கும். 'மீனும் சேர்ந்து தப்புதே' என்பது படகுக்காரர்களின் குறை. மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் விளைச்சலைப் பறிகொடுக்கிற நமக்கு அந்தக் கணக்கு புரியும். சட்டம் போட்டதோடு நிற்காமல் அந்த நஷ்டத்துக்கும் அரசு வழி சொன்னால்தான் சட்டகம் மடியில் ஏறும் என்று படுகிறது.

நடக்கப் போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் வேண்டாம், போனில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கவும் கூடாது. முட்டையிடும் ஆமையைக் கண்டால் முன்னால் போகாமல் பின்பக்கம் தள்ளி உட்காருங்கள். வேறு ஊர்க் கரையில் தடத்தையோ முட்டையையோ பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.